ஜான் பென்னிகுவிக்

ஜான் பென்னிகுவிக் (ஜனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பிரித்தானியப் படைப் பொறியாளர் ஆவார். சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றி, அதன் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகை வழியாக மதுரைச் சமவெளிக்குக் கொண்டு வந்தது இவரது முதன்மையான பணியாகும்.

இளமை

பென்னிகுவிக் புனே நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுவிக் என்பதே. அவர் படைத்தளபதியாக இருந்தவர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் உயிரிழந்தனர். பென்னிகுவிக்கின் எட்டாவது பிறந்த நாளுக்கு அப்போது இரண்டு நாட்களே இருந்தன.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் படைக்கல்லூரியிலும் பயின்று, 1858 ஆம் ஆண்டு சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860 இல் இந்தியா வந்தார். 1868 அபிசீனியப் படையெடுப்பிலும் பங்கு கொண்டார். 1879 இல் கிரேஸ் ஜார்ஜினா சாமியர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

பெரியாற்றுத் திட்டம்

ஆற்றைத் திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்குடையது அன்று. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்து இருளப்ப பிள்ளை 1789 ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து, செலவு மிகுதி எனக் கண்டு கைவிட்டார். 1808 இல் அளவாய்வு செய்த கால்டுவெல் என்ற படைப் பொறியாளர், இது நடவாத காரியம் என்று அறிக்கை அளித்தார். (இவர் மொழியறிஞர் கால்டுவெல் அல்லர்.) 1850 இல் சிறிய அளவில் தொடங்கிய வேலை, நோயாலும் கூடுதல் கூலி கேட்டுத் தொழிலாளர் விலகியதாலும் நின்று போனது. அதன் பின்னரும் பொறியாளர் பலர் வரைவுகள் தந்தனர். 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகே அரசு இதில் உறுதி காட்டியது. 1882 இல் திட்டத்தைத் திருத்தி மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

அணை அமையும் இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குப் பெறப்பட்டது. குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், அதாவது மொத்தம் 40,000 ரூபாய்.

கட்டுமானம்

1887 இல் பணி தொடங்கியது. மிக அருகிலிருந்த தொடருந்து நிலையமே சமவெளியிலுள்ள அம்மையநாயக்கனூர்தான். அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து மலையேற்றித்தான் எந்தப் பொருளையும் கொண்டு செல்ல வேண்டும். முந்தைய வரைவுகளில் மண் அணை கருதப்பட்டிருக்க, பென்னிகுவிக் தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் எடையீர்ப்பு அணையைத் தேர்ந்தார். வெளிப்புறம் கற்கட்டு, உட்புறம் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் சுட்ட செங்கல் தூளும் கல்லும் கலந்த காரை. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி, நீளம் 1,200 அடி.

கடினமான பகுதி அணையின் மேற்பகுதி அன்று, அடிப்பகுதியே. ஓடும் ஆற்றை ஒதுக்கிவிட்டுத்தான் ஆற்றுப் படுகையில் அடித்தளம் இட முடியும். அதற்காக எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சலும் காலராவும் தொழிலாளரை வாட்டின. நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கூறப்படுகிறது. பென்னிகுவிக்கின் பெயர் ஊர்தோறும் வழங்குகிறது. இவர்களுடைய பெயர்கள் எங்கும் வழங்குவதில்லை.

நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான நீளமுடைய சுரங்கம் மலையினூடே வெட்டப்பட்டது. அதன் வழியே வரும் நீர் வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றில் சேர்ந்து, வைகையை அடைகிறது. பேரணை என்னுமிடத்தில் கால்வாயில் திருப்பப்பட்டு வாடிப்பட்டி, மதுரை வடக்கு, மேலூர்ப் பகுதிகளுக்குப் பாய்கிறது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு இத்திட்டத்தைத் திறந்து வைத்தார்.

ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இதனால் பாசனம் பெற்றது. ஆயினும் நீர் எல்லா ஊர்களுக்கும் எட்டவில்லை. மேலூர் வட்டாரம் நெல் விளையும் பூமியானபோது, உசிலம்பட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமியாகவே நின்றது. அவ்வட்டாரத்திற்கான 58 கிராமக் கால்வாய்க்கு நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

பிற்காலம்

1896 இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பென்னிகுவிக், இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளரைப் பயிற்றுவிக்கவே ஏற்படுத்தப்பட்ட கல்லூரி அது. பெரியாற்றைத் திருப்பியது குறித்து அவர் அளித்த கட்டுரை 1897 இல் இலண்டன் குடிசார் பொறியாளர் நிறுவனத்தின் நடவடிக்கைகளில் வெளியானது. தொழில்முறைப் பொறியாளர் சங்கங்களில் மூத்த ஒன்றான அந்நிறுவனம் அவருக்கு டெல்போர்ட் பதக்கம் வழங்கியது. 1899 இல் கல்லூரிப் பணியை விட்டு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத் தடுப்பு குறித்து ஆலோசனை வழங்கினார். 1911 இல் கேம்பர்லி நகரில் காலமானார். உடல் பிரிம்லி புனித பேதுரு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவும் கதைகளும்

தேனி மாவட்டம் லோயர்கேம்பில் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையம் இவர் பெயரைத் தாங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இவரது பிறந்த நாளன்று உழவர்கள் பொங்கலிட்டு வழிபடுவர். மதுரை பொதுப்பணித் துறை வளாகத்திலும் சிலை உண்டு.

அரசு நிதியை நிறுத்திவிட்டதாகவும், பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்ததாகவும் ஒரு செய்தி பரவலாக நம்பப்படுகிறது. இதற்கு ஆவணச் சான்று இல்லை என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. திட்டம் அரசின் செலவில் நிறைவேறியதையே அரசு ஆவணங்கள் காட்டுகின்றன. கைவிடப்பட்ட ஒரு திட்டத்தைக் கணக்கிட்டு, வெள்ளம் அடித்துச் சென்ற இடத்திலேயே மீண்டும் அடித்தளமிட்டதற்கோ சான்றுகள் ஏராளமாக உள்ளன.

2021 இல் மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அமைக்கத் தேர்ந்த இடத்திலிருந்த பழைய பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று கூறி எதிர்ப்பு எழுந்தது. அக்கட்டடம் அவர் இறந்த பின்னரே கட்டப்பட்டது என அரசு விளக்கம் அளித்தது. நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது.