திருநாளைப்போவார்

நம் பல்லாவரத்தை அடுத்த குன்றத்தூரில் தோன்றியவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணமே நந்தனாரின் வாழ்வை விரித்துரைக்கும் நூலாகும்.

கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூரில், ஊருக்குப் புறத்தேயிருந்த புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். சிவாலயங்களின் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டிற்குக் கோரோசனையும் வழங்கி வந்தார். அவர் தந்த தோல் கோயிலுள் முழங்கிற்று. தந்தவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். அதனை முரண்பாடாக அக்காலப் பெரியோர் கருதவில்லை போலும்!

திருப்புன்கூரில் நந்தி விலகக் காட்சி பெற்றார். அங்கே குளமும் வெட்டினார். தில்லைக்கு நாளை செல்வோம் என்று பல நாள் தயங்கியதாலேயே திருநாளைப்போவார் ஆனார். அத்தயக்கம் சோம்பலன்று, தம் பிறப்பை எண்ணிய அச்சம். சென்றபோதும் மதிற்புறத்தையே வலம் வந்தார். இறைவன் கனவில் பணித்தபடி தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராய் எழுந்த பின்னரே அம்பலத்துள் புகுந்து மறைந்தார் என்கிறது புராணம்.

வகுப்பில் இதனை நடத்தியபோது, அவர் பழைய உடலோடு உள்ளே போயிருக்கலாகாதா என்று ஒரு மாணவன் வினவினான். பாடநூலில் அதற்கு விடையில்லை. அறுபத்துமூவருள் ஒருவராக அவரைப் போற்றிய சேக்கிழாரும் அவ்வுடலோடு அவரை உள்ளே அழைத்துச் செல்லவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத கொடிய வேதியர் ஒருவரைத் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் படைத்து, பண்ணையடிமையின் துயரைப் பாடினார். அதனைக் கேட்டுக் கண்ணீர் வடித்த மிராசுதார்கள், மறுநாள் தம் பண்ணையாட்களைப் புறக்கடையில்தான் நிறுத்தினர்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். நம் பிள்ளைகள் பலர் அங்கே தங்கிப் படித்தனர்.