விளக்கும் கணக்கும்

திருகோணமலையில் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்திலே சார்ள்ஸ் ஆஸ்டின் என்னும் கடற்படைத் தளபதி துயில்கின்றார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் இளைய சகோதரர் அவர். 1852ஆம் ஆண்டில் பர்மியப் போருக்குத் தலைமை பூண்டு சென்றவரை மாய்த்தது பகைவர் குண்டன்று, வாந்திபேதி. அந்நாளைய துறைமுகங்களிலும் பாளையங்களிலும் போரில் மடிந்தவரினும் நோயில் மடிந்தவரே மிகுதி. தாதிய மாணவியர்க்குப் பல்லாண்டு பாடஞ் சொல்லிய நான், புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றை அக்கல்லறையிலிருந்து தொடங்குவதையே வழக்கமாகக் கொண்டிருந்தேன்.

மாணவியர் மனத்திற் பதிந்து வருவது ஒரே சித்திரம்: இருண்ட கூடத்தில் விளக்கேந்தி நடக்கும் மங்கை. (அவ்விளக்கும் படங்களிற் காணும் கிண்ண விளக்கன்று, துருக்கியர் கையாண்ட மடிப்புக்கூட்டு விளக்கு.) அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் முதன்முதல் அடியெடுத்து வைக்கும் பெண்ணுக்கு இச்சித்திரம் போதுவதில்லை. அங்கே குழாய்களும் பொறிகளும் அவற்றின் ஓயாத ஒலியுமே அவளை எதிர்கொள்கின்றன. ஒருமுறை என் மாணவியொருத்தி முதலிரவுப் பயிற்சியிலேயே தன் பொறுப்பிலிருந்த முதியவரை விடியுமுன் இழந்தாள். தான் செய்த பிழை யாதென்று என்னைக் கேட்டாள். பிழை ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் வெறும் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்குட்டாரியின் கதையைச் சொன்னேன்.

1820 மே 12ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தவர் அம்மையார். பிறந்த ஊரே பெயராயிற்று. செல்வக் குடும்பம். நோயாளர்ப் பணி இழிதொழிலெனக் கருதப்பட்ட காலமாதலால் பெற்றோர் நெடுங்காலம் இசையவில்லை. திருமணத்தை மறுத்து, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்திற் சில திங்கள் பயின்று, 1853இல் இலண்டனில் ஒரு சிறு மருத்துவ விடுதியின் தலைமையை ஏற்றார்.

1854 நவம்பர் 4ஆம் நாள் 38 பெண்களுடன் ஸ்குட்டாரி வந்து சேர்ந்தார். கிரிமியப் போரிற் காயமுற்றோரும் நோயுற்றோரும் கடல் கடந்து அங்கேதான் கொணரப்பட்டனர். அம்மையார் கூடங்களைத் துடைப்பித்தார், துணிகளை வெளுப்பித்தார், நல்லுணவுக்கு வழி செய்தார், இரவுதோறும் படுக்கை படுக்கையாக நடந்தார். ஆனால் சாவு குறையவில்லை. 1855 பெப்ரவரியில் சேர்க்கப்பட்டோரில் 100க்கு 42 பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியில் அடைபட்ட கழிவுநீர்க் கால்கள் நாறிக் கிடந்தன. மார்ச் மாதத்தில் வந்த சுகாதாரக் குழுவினர் அவற்றைக் கழுவித் திறந்து, காற்றோட்டமும் செய்வித்தனர். ஜூன் மாதத்தில் அத்தொகை 100க்கு 2 ஆயிற்று.

இவ்வுண்மையின் முழுக்கனத்தையும் அவர் உணர்ந்தது நாடு திரும்பிய பின்னரே. பட்டினியும் குளிரும் களைப்புமே வீரரைக் கொன்றன என்றுதான் முதலில் நம்பியிருந்தார். புள்ளியியலறிஞர் வில்லியம் பாரின் துணையோடு கணக்கைப் புரட்டியபோது, மருத்துவமனையின் நச்சுக்காற்றும் அழுக்குமே பலரைக் கொன்றன என்பது புலனாயிற்று. அவருக்குத் துணைநின்றவருள் அலெக்சாந்தர் துள்ளொக்கும் ஒருவர். இலங்கைப் படையினரின் சாவுக் கணக்கை மருத்துவர் ஹென்றி மார்ஷலுடன் சேர்ந்து முன்னரே தொகுத்தவர் அவர். நம்மூர்க் காய்ச்சலும் அவ்வேட்டில் இடம்பெற்றது.

தாம் அரும்பாடுபட்ட இடத்திலேயே அத்தனை உயிர் போயிற்றென்று அறிந்தவர் அதை மறைத்திருக்கலாம். புகழ் அவர் பக்கமிருந்தது. அவரோ சாவின் தொகையை வண்ண வட்டப்படமாக வரைந்து அரசின் முன் வைத்தார். அம்மையாரின் வாழ்வில் விளக்கினும் இதுவே பெரிதென்பது என் கருத்து. 1857 முதல் நோயுற்று, எஞ்சிய வாழ்நாளிற் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே கழித்தார்; எழுத்து மட்டும் நிற்கவில்லை.

1860இல் இலண்டன் புனித தோமையர் மருத்துவமனையில் அவர் நிறுவிய பள்ளியில், மாணவியர் நோயாளர் கூடத்திலேயே ஓராண்டு பயின்றனர். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதினர். அறுவை முடிந்தோர் தெளியும்வரை தனியே வைத்துக் காக்கும் சிற்றறைகளைப் பற்றி மருத்துவமனைகள் குறித்த தம் நூலில் அவர் எழுதியதை, இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் வித்தென்பர். அது மரமானது 1952இல், கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது. மருத்துவர் பியோர்ன் இப்சனின் ஏற்பாட்டில் மாணவர்களே முறைவைத்து, கையாற் பையை அழுத்தி நோயாளர்க்கு மூச்சூட்டினர். பயிற்சிக்கு வந்தோரின் கையிலேயே உயிர் நின்ற நாட்கள் அவை.

1907இல் அரசரின் உயர்விருதைப் பெற்ற முதற்பெண்மணியான அம்மையார் 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள் மறைந்தார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்ததைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ கிராமத்துக் கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளுமே உள்ளன.

என் மாணவி கதை முழுவதையும் பேசாது கேட்டிருந்தாள். பின்னர், அந்த முதியவரின் மணிக்கணக்கு ஏட்டை எடுத்துத் தரமுடியுமா என வினவினாள். இருவரும் அமர்ந்து நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீரளவு என வரிவரியாகப் பார்த்தோம். இரவு இரண்டு மணிக்குப் பின் மூச்சின் எண்ணிக்கை சிறிது சிறிதாக ஏறியிருந்தது. அவள் அதைப் பிழையின்றிக் குறித்து, உரிய நேரத்தில் மருத்துவரிடம் அறிவித்துமிருந்தாள். மறுநாள் இரவுப் பணிக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.