கைநடுக்கத்தை வென்ற ஹென்றி மாட்ஸ்லே

லேத் ஓடுவதை நின்னு பார்த்திருக்கீங்களா? இரும்புத் துண்டை 'சக்' இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றும். வெட்டும் கருவி தானாகவே நகர்ந்து சீவிக்கொண்டு போகும். கருவியை இப்படி ஒழுங்காக நகர வைத்த மேதைதான் ஹென்றி மாட்ஸ்லே.

இவர் 1771-ல் இங்கிலாந்தின் வுல்விச் நகரில் பிறந்தார். 12 வயதிலேயே ஆயுதச்சாலையில் வேலை. தோட்டாவுக்கு மருந்து அடைக்கணும்! பிறகு தச்சு வேலை, 15 வயதில் கொல்லுப்பட்டறை. 18 வயதில் லண்டனில் பூட்டு செய்யும் ஜோசப் பிராமாவிடம் சேர்ந்து, பூட்டு தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். குடும்பம் பெருகியது. வாரம் 30 ஷில்லிங் சம்பளம் போதவில்லை. கூட்டிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1797-ல் துணிந்து சொந்தப் பட்டறை போட்டார்.

அப்போதெல்லாம் பெரும்பாலும் கருவியைக் கையால் பிடித்துத்தான் கடைவாங்க. கை கொஞ்சம் அசைந்தால் அளவு போச்சு! ஒரு போல்ட்டுக்குச் செய்த நட் இன்னொன்றுக்குச் சேராது. சிலர் முன்பே இதற்கு வழி தேடியிருந்தார்கள். மாட்ஸ்லே 1800 வாக்கில் உறுதியான இரும்பு லேத்தில் கருவியைத் தாங்கியில் பூட்டி, நீண்ட திருகுத் தண்டையும் பல்சக்கரங்களையும் இணைத்தார். துண்டு ஒரு சுற்று சுற்றினால் கருவி எவ்வளவு நகரணும் என்பதைச் சக்கரங்களே தீர்மானித்தன. ஒரே அளவில் எத்தனை மரை வேண்டுமானாலும் வெட்டலாம்!

கடற்படைக்குக் கப்பி செய்ய மார்க் புரூனல் வடிவமைத்த இயந்திரங்களையும் இவரே செய்தார். 110 பேர் பார்த்த வேலையை 10 பேர் முடித்தார்கள். ஜோசப் விட்வொர்த், ஜேம்ஸ் நாஸ்மித் ஆகியோர் இவர் பட்டறையில் வேலை கற்றவர்கள். 1831-ல் மாட்ஸ்லே மறைந்தார்.

இன்றைய மூன்று தாடை சக் இவர் காலத்துக்குப் பிறகு பரவியது. ஆனால் அதற்கும் இவருடைய துல்லியம்தான் பாடம். சக் மாட்டும்முன் மரையையும் அது உட்காரும் முகத்தையும் நல்லா துடைக்கணும். நடுவில் சின்னச் சீவல் சிக்கினாலும் துண்டு நேராகச் சுற்றாது. கனமான சக் கை நழுவலாம். அதனால் லேத் படுக்கை மேல் ஒரு பலகை வைக்கணும். மிக முக்கியம்: சக் சாவியைக் கழற்றிய பிறகே சுவிட்சைப் போடணும். மறந்தால் சாவி பறந்து வந்து ஆளையே அடித்துவிடும்!

தோட்டாவுக்கு மருந்து அடைத்த சிறுவன் உலகத் தொழிற்சாலைகளுக்கே வழிகாட்டினார். கைத்தொழிலைக் குறைவாக நினைக்கலாமா நண்பர்களே?

– தொழிற்கல்விப் பிரிவு மாணவன், 12-ஆம் வகுப்பு