பாலிடெக்னிக் வாத்தியார் ஓம்



முதலாமாண்டு லேபில் காலெடுத்து வைத்ததும் நமக்குக் கிடைக்கும் முதல் எக்ஸ்பெரிமெண்ட் எது? ஓம் விதி! அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ரியோஸ்டாட், ஐந்தாறு ரீடிங், ஒரு நேர்கோட்டு கிராஃப். கோடு நேராக வராதவர்கள் பக்கத்து மேஜை ரீடிங்கை "கடன்" வாங்கி ரெக்கார்டை முடிப்பது வழக்கம். நானும் வாங்கியவன்தான். ஆனால் அந்த ஓம் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கோயிலில் சொல்லும் ஓம் இல்லை. ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனிக்காரர். நம் போன்ற ஒரு பாலிடெக்னிக்கில் பதினாறு வருடம் பாடம் நடத்தியவர்!

அவர் கதைக்கு முன்னால் எங்க தாத்தாவின் டார்ச் லைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாத்தா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காவலுக்கு இருந்தவர். காய் உலர்த்தும் ஸ்டோருக்கும் குடிசைக்கும் நடுவே ராத்திரியில் நாலைந்து தடவை நடக்க வேண்டும். பாதையில் காட்டுமாடு நிற்கும். கையில் மூணு கட்டை டார்ச். கட்டை பழசாகிவிட்டால் பல்பு முதலில் பளிச்சென்று எரியும், பத்தடி நடப்பதற்குள் மஞ்சளாகி, கங்கு மாதிரி சிவந்துவிடும். தாத்தா அணைத்துவிட்டு இருட்டிலேயே சற்று நிற்பார். மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் எரியும். மறுநாள் கட்டைகளைத் தகரக் கூரைமேல் வெயிலில் காய வைப்பார். நான் டிப்ளமோ சேர்ந்த வருடம் அதே மாதிரி பழைய கட்டைகளை மல்டிமீட்டரில் அளந்தேன். ஒவ்வொன்றும் 1.4 வோல்ட்! புதுசே 1.5தானே? பிறகு ஏன் பல்பு எரியவில்லை? இந்தக் கேள்விதான் என்னை ஓம் பக்கம் கொண்டுபோனது.

ஓம் பிறந்தது 1789 மார்ச் 16, பவேரியாவில் எர்லாங்கன் என்ற ஊர். அப்பா பூட்டுத் தொழிலாளி. நம்ம திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போய்ப் பெரிதாகப் படிக்காதவர், ஆனால் தானாகவே கணக்கும் அறிவியலும் கற்று, பட்டறை வேலைக்கு நடுவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓமுக்குப் பத்து வயதில் அம்மா இறந்துவிட்டார். ஏழு பிள்ளைகளில் மிஞ்சியது மூன்றே பேர். தம்பி மார்ட்டின் பின்னாளில் பெயர் பெற்ற கணித அறிஞர்.

1805ல் யுனிவர்சிட்டியில் சேர்ந்த நம் ஹீரோ என்ன செய்தார் தெரியுமா? டான்ஸ், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு! மூணு செமஸ்டரில் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிப் படிப்பை நிறுத்திவிட்டார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தெம்படையலாம். ஆனால் மீதியையும் படியுங்கள். சுவிட்சர்லாந்து போய்ப் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்துக்கொண்டே தானாகக் கணக்குப் படித்து, 1811ல் திரும்பி வந்து டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்கப்புறம் கொஞ்சச் சம்பளத்தில் அங்கும் இங்குமாக வாத்தியார் வேலை. 1817ல் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே நல்ல லேப் இருந்தது. அதுதான் திருப்பம்.

கரண்ட் போகும் கம்பியின் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்று 1820ல் எர்ஸ்டெட் கண்டுபிடித்திருந்தார். ஓம் அந்த ஊசியை ஒரு மெல்லிய உலோக நாடாவில் தொங்கவிட்டு, முறுக்கின் அளவை வைத்துக் கரண்டை அளந்தார். அந்தக் காலத்து அம்மீட்டர்! கம்பியின் நீளத்தை மாற்றினால் கரண்ட் எப்படி மாறுகிறது? இதுதான் அவர் கேள்வி.

1825ல் வோல்டாவின் பேட்டரி அடுக்கை வைத்துச் செய்து பார்த்தார். ரீடிங் நிற்கவே இல்லை. இணைத்ததும் எகிறும், போகப் போக இறங்கும், கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஏறும். தாத்தாவின் டார்ச்சேதான்! கரண்ட் ஓடும்போது செம்புத் தகட்டில் ஹைட்ரஜன் குமிழ்கள் படிந்து வழியை அடைக்கின்றன. அந்த ரீடிங்கை வைத்து அவர் வெளியிட்ட முதல் சூத்திரமே தப்பு. ஆமாம், ஓம் விதியை ஓமே முதலில் தப்பாகத்தான் எழுதினார்!

போகன்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுவிட்டுத் தெர்மோகப்பிள் வைத்துப் பாருங்கள். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வோல்டேஜ் மிகக் குறைவுதான், ஆனால் ஆடாமல் நின்றது. 1826 ஜனவரியில் எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். இரண்டைக் கழித்துப் பாருங்கள்: 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும். நீளம் கூடக் கூடக் கரண்ட் குறைந்தது. ஆனால் நீளத்தோடு ஒரு மாறாத எண்ணைக் கூட்டினால்தான் கணக்கு ஒத்துவந்தது. கம்பி தவிர சர்க்யூட்டின் மற்ற பாகங்கள் தரும் தடைதான் அந்த எண். கரண்டைத் தரும் மூலத்தின் உள்தடையும் அதில் அடக்கம். நாம் வி = ஐ ஆர் என்று மனப்பாடம் செய்கிறோம். ஓமின் சூத்திரத்தில் உள்தடை ஆரம்பத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

தாத்தாவின் டார்ச்சுக்கு வருவோம். 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு என்றால் எரியும்போது தடை ஏறத்தாழ 12.7 ஓம். புதுக் கட்டை மூணுக்கும் சேர்த்து உள்தடை 1 ஓம் என்று வைத்தால் 4.5ஐ 13.7ஆல் வகுக்கக் கரண்ட் 0.33. பழைய கட்டைகளின் உள்தடை 9 ஓமுக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். 4.2ஐ 21.7ஆல் வகுத்தால் 0.19தான்! வோல்டேஜில் கணிசமான பகுதி கட்டைக்குள்ளேயே செத்துப்போகிறது. மல்டிமீட்டர் கரண்டே இழுக்காததால் அதன் கண்ணில் இது படுவதில்லை. கட்டையைச் சோதிக்க வேண்டுமானால் பல்பு எரியும்போது அளக்க வேண்டும். ஓய்வில் உள்ளே ரசாயனம் கொஞ்சம் தேறுகிறது, குளிர் உள்தடையைக் கூட்டுகிறது, வெயில் குறைக்கிறது. தாத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் சரி, காரணம் மட்டும் தெரியாது.

இன்னொன்று. மேலே 12.7 ஓம் என்றேன், அது பழுத்து எரியும்போது மட்டும். மங்கும்போது இழை ஆறித் தடையும் குறையும், அதனால் என் 0.19 ஒரு தோராயம்தான். வீட்டு 100 வாட் குண்டு பல்பு எரியும்போது 529 ஓம், அணைந்திருக்கும்போது 40 ஓமுக்கு அக்கம்பக்கம். ரெசிஸ்டருக்குப் பதில் பல்பை மாட்டினால் கிராஃப் வளையத்தான் செய்யும்! பேட்டரியும் பல்பும் ஓம் விதிக்கு நம்பக்கூடாத சாட்சிகள். முதல் சாட்சி ஓமை ஒரு தடவை ஏமாற்றிவிட்டது. இரண்டாவது அவர் காலத்தில் இல்லை, அவர் இறந்து 25 வருடம் கழித்துத்தான், 1879ல், எடிசன் விளக்கு எரிந்தது.

1827ல் பெர்லினில் தன் புத்தகத்தை வெளியிட்டார். வரவேற்பு ஜில்! இயற்கையைக் கணக்கால் சொல்வது அன்றைய ஜெர்மன் அறிஞர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. இந்தப் புத்தகத்தை நம்பி யுனிவர்சிட்டி வேலையை எதிர்பார்த்திருந்த மனிதர், 1828ல் பள்ளி வேலையையும் ராஜினாமா செய்தார். ஐந்து வருடம் பெர்லினில் ராணுவப் பள்ளி ஒன்றில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் நடத்திக் காலம் தள்ளினார். வயது நாற்பதைத் தாண்டியது.

1833ல் கதவு திறந்தது, நியூரம்பர்க் பாலிடெக்னிக்கில். 1839ல் அதற்கே தலைமை ஏற்றார். 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. சொந்த நாட்டுக்கு முன்னால் வெளிநாடு கண்டுகொண்டது! ஆசைப்பட்ட யுனிவர்சிட்டி பேராசிரியர் நாற்காலி மியூனிக்கில் கிடைத்தபோது வருடம் 1852, வயது 63. இரண்டே வருடம் உட்கார்ந்தார். 1854 ஜூலை 6ல் காலமானார். தடையின் அலகுக்கு அவர் பெயரை உலகம் ஏற்றது 1881, பாரீஸ் மாநாட்டில். அந்த நியூரம்பர்க் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்போது மலையில் எல்லோர் கையிலும் சார்ஜ் போடும் எல்.இ.டி. லைட்தான். தாத்தாவின் மூணு கட்டை டார்ச் எங்க வீட்டு ஆணியில் தொங்குகிறது. போன மாதம் புதுக் கட்டை போட்டேன். பளிச்சென்று எரிந்தது.