எழுதாச் சட்டத்தை எழுதித் தகர்த்தவர்

ஜாக்கி ராபின்சன் என்ற பெயரை விளையாட்டுலகம் அறியும். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் முதல்தர லீக்குகளில், 63 ஆண்டுகளாகக் கறுப்பருக்கு அடைத்துக்கிடந்த கதவைத் திறந்து உள்ளே நுழைந்த வீரர் அவர். அவர் நுழைவதற்கு ஒன்பதாண்டு முன்பிருந்தே அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த கை ஒன்று உண்டு. அது மட்டை பிடித்த கையன்று, பேனா பிடித்த கை. அந்தக் கைக்குரியவர் வெண்டல் ஸ்மித் என்னும் கறுப்பின இதழாளர்.

பேஸ்பால் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. அமெரிக்கர் அதைத் தம் தேசிய ஆட்டமென்று கொண்டாடுவர். தேசம் முழுவதற்கும் உரிய ஆட்டம் என்பார்கள். தேசத்தின் மக்களில் பத்தில் ஒருவரை மட்டும் களத்துக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்! இந்தத் தடைக்கு விதிப் புத்தகத்தில் இடம் உண்டா என்றால், இல்லை. எந்த ஆட்டக்களத்து வாயிலிலும் பலகை எழுதி மாட்டவில்லை. ஆயினும் 1884-க்குப் பிறகு ஒரே ஒரு கறுப்பர்கூட அங்கே ஆடியதில்லை. பேஸ்பாலின் தலைமை ஆணையராக வீற்றிருந்த நீதிபதி லாண்டிஸ், அப்படியொரு தடையே கிடையாது என்று 1942-இல் அறிக்கையே விட்டார்.

எழுதிய சட்டமென்றால் அதை எதிர்த்து வழக்காடலாம், கொளுத்தலாம், கிழித்தெறியலாம். எழுதாத சட்டத்தை என்ன செய்வது? முதலில் அதை எழுதிக் காட்டவேண்டும். இதோ இருக்கிறது தடை, இன்னார் போட்டது, இன்னாரால் காக்கப்படுவது என்று ஊரறிய அச்சிட்டுக் காட்டவேண்டும். ஸ்மித் தம் வாழ்நாளில் செய்த வேலை அதுதான்.

1914-ஆம் ஆண்டு மார்ச் திங்கள், டெட்ராய்ட் நகரில் பிறந்தவர் ஸ்மித். தந்தை, மோட்டார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் வீட்டில் சமையற்காரர். மகனோ பந்து வீசுவதில் வல்லவன். 19 வயதில், முக்கியமான ஆட்டமொன்றில் எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் 1–0 எனத் தன் அணியை வெற்றிபெறச் செய்தான். டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு ஆள் பொறுக்க வந்திருந்தவர் அருகே வந்தார். உன்னைச் சேர்க்க எனக்கு ஆசைதான், ஆனால் முடியாதே என்று வருந்திச் சொன்னார். சொல்லிவிட்டு, தோற்ற பந்துவீச்சாளரை ஒப்பந்தம் செய்துகொண்டார். ஸ்மித்தின் பந்துகளைப் பிடித்த சக ஆட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டார். வென்றவன் வெளியே, தோற்றவன் உள்ளே! அன்று களத்தில் நின்ற இளைஞன், இந்த அநீதியை ஒழிக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று உறுதி பூண்டான்.

மேற்கு வர்ஜீனியா அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1937-இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற வார ஏட்டில் சேர்ந்தார். கறுப்பின மக்களின் ஏடு அது. பிற்பாடு மூன்று லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சேர்ந்தபோது ஸ்மித்துக்கு வாரச் சம்பளம் 17 டாலர்.

அவர் முதலில் சாடியது வெள்ளை முதலாளிகளையல்ல, தம் சொந்த மக்களை. நம்மை உள்ளே சேர்க்காதவனுக்கே நம் காசைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோமே, நம் ஆட்டக்காரர்களின் களம் காலியாகக் கிடக்கிறதே, இது என்ன விந்தையான இனம் என்று 1938 மே திங்களில் எழுதினார். தன்மானம் இல்லாத இடத்தில் உரிமைக் குரல் எழாது என்பதை அந்த 24 வயது இளைஞர் உணர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு அவர் செய்தது இன்னும் கூர்மையான வேலை. கறுப்பரைச் சேர்க்க எங்களுக்குத் தடையில்லை, எங்கள் ஆட்டக்காரர்கள்தான் ஒப்பமாட்டார்கள் என்று அணி முதலாளிகள் சாக்குச் சொல்லிவந்தார்கள். அப்படியா, அவர்களையே கேட்டுவிடுவோம் என்று கிளம்பினார் ஸ்மித். பிட்ஸ்பர்க் நகருக்கு ஆடவரும் அணிகள் தங்கும் ஓட்டலுக்கே சென்று, 40 வெள்ளை ஆட்டக்காரர்களையும் 8 மேலாளர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். பெரும்பாலோர், எங்களுக்கு மறுப்பில்லை என்றனர். வாரந்தோறும் அதைப் பெயரோடு வெளியிட்டார். முதலாளிகளின் சாக்கு சந்தி சிரித்தது.

இந்தப் போரில் ஸ்மித் தனியாள் அல்லர். சாம் லேசி போன்ற கறுப்பின எழுத்தாளர்களும், பொதுவுடைமைக் கட்சி ஏட்டின் லெஸ்டர் ராட்னியும் எழுதினர். 1943 டிசம்பரில் கறுப்பர் ஏடுகளின் வெளியீட்டாளர்கள் அணி முதலாளிகளைச் சந்தித்தபோது, பாடகர் பால் ராபசனும் உடன்சென்று வாதாடினார். முதலாளிகள் கேட்டுக்கொண்டார்கள், கலைந்துபோனார்கள்.

1945 ஏப்ரல் 16. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் களத்துக்கு மூன்று கறுப்பின வீரர்களை அழைத்துச் சென்றார் ஸ்மித். கறுப்பரைச் சோதித்துப் பார்க்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இசைவு தரமாட்டேன் என்று நகரமன்ற உறுப்பினர் ஒருவர் நெருக்கியதால், ஒப்புக்கு நடந்த சோதனை அது. மூவரும் திறமையைக் காட்டினர். அணியிடமிருந்து கடிதம் வரவேயில்லை. அந்த அணி தன் முதல் கறுப்பரைக் களமிறக்கியது 1959-இல்தான். ஆனால் திரும்பும் வழியில் ஸ்மித், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியைச் சந்தித்தார். மூவரில் முதல்தர லீக்குக்குத் தகுந்தவர் யாரென்று ரிக்கி கேட்டார். ஜாக்கி ராபின்சன் என்றார் ஸ்மித். அந்த ஒரு பெயர் வரலாறாயிற்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸில் ராபின்சன் சேர்க்கப்பட்டார்.

1946 வசந்தத்தில் புளோரிடா மாநிலத்தில் பயிற்சி. ராபின்சனுக்குத் துணையாக ஸ்மித்தும் சென்றார். சான்ஃபோர்டு என்ற ஊரில், இருட்டுவதற்குள் ஊரைவிட்டு ஓடவேண்டும் என்று மிரட்டல். ஜாக்சன்வில்லில் கறுப்பர் ஆடக்கூடாதென்று ஆட்டக்களத்தையே பூட்டிவைத்தார்கள். இது நடவாத இடமாகப் பார்க்கவேண்டுமென்று, 1947-இல் பயிற்சி முகாமைக் கடல் கடந்து கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்கு மாற்றினார் ரிக்கி. ஸ்மித்தும் தட்டச்சுப் பொறியோடு அங்கே போனார்.

கியூபாவில் பேஸ்பால் பிறந்த கதை தனிக்கதை. 1860-களில் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மாணவர்கள் கொண்டுவந்த ஆட்டம் அது. ஸ்பெயின் நாட்டு ஆட்சியாளர் காளைச் சண்டையை வளர்த்தனர். விடுதலை வேண்டிய இளைஞரோ பேஸ்பாலை வளர்த்தனர். 1878-இல் தொடங்கிய கியூப லீக்கின் நிறுவனர்களில் ஒருவரான எமிலியோ சபூரின், விடுதலைப் போருக்குத் துணைநின்ற குற்றத்துக்காகச் சிறைப்பட்டு, 1897-இல் சியூட்டா சிறையில் மாண்டார். ஸ்பெயினின் ஆதிக்கம் தொலைந்ததும், 1900-இல், அந்த லீக் கறுப்பருக்குக் கதவைத் திறந்துவிட்டது. அமெரிக்கா திறப்பதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே!

அதன் பயன் என்ன? 1908-இல் ஹவானாவுக்கு ஆடவந்த அமெரிக்கரின் சின்சினாட்டி அணி, ஹோசே மெண்டெஸ் என்ற கறுப்பரின் பந்துவீச்சில் திணறிப்போயிற்று. அவருக்குப் பின் வந்த மார்ட்டின் டீகோ, பந்து வீசுவார், மட்டை அடிப்பார், களத்தின் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவார். கியூபா, மெக்சிகோ, அமெரிக்கா மூன்றும் பின்னாளில் தத்தம் புகழ்க்கூடங்களில் அவரைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் ஆடும் வயதில் அமெரிக்க முதல்தர லீக் அவரைச் சேர்க்கவில்லை. அதே தீவில், அதே லீக்கில் ஆடிய வெள்ளைத் தோல் அடோல்போ லூக்கேயைச் சேர்த்துக்கொண்டது. அவர் 1923-இல் சின்சினாட்டிக்காக 27 ஆட்டங்களை வென்றார். ஹவானாவில் ஒரே களம். கப்பலேறி அமெரிக்கா போய் இறங்கியதும் ஒருவருக்கு மாளிகை வாயில், மற்றவருக்குக் கறுப்பர் லீக்கின் பேருந்துப் பயணம். திறமையிலே வேற்றுமையில்லை, தோலிலே இருந்தது வேற்றுமை. எழுதாத சட்டம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு இந்தத் தீவைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

கியூபாவைச் சொர்க்கமென்று சொல்லவில்லை. அங்கும் செல்வர் கழகங்கள் நடத்திய அமெச்சூர் லீக், கறுப்பரை நெடுங்காலம் அண்டவிடவில்லை. ஆயினும் நாடே திரண்டு பார்க்கும் தொழில்முறை ஆட்டத்தில், கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்றனர்.

அப்படிப்பட்ட ஊரில் நடந்ததைக் கேளுங்கள். டாட்ஜர்ஸ் அணி, கடற்கரையோரம் கம்பீரமாக நிற்கும் ஓட்டல் நேஷனலில் தங்கியது. மான்ட்ரியல் அணியின் வெள்ளை வீரர்களுக்கு ஒரு இராணுவப் பள்ளியின் வசதியான விடுதி. ராபின்சன், காம்பனெல்லா, நியூகோம்ப், பார்ட்லோ என்ற நான்கு கறுப்பருக்கோ நகரின் நடுவே ஒரு பாழடைந்த ஓட்டல்! கியூபாவின் சட்டமா இப்படிப் பிரித்தது? இல்லை. கியூபர் கேட்டார்களா? அதுவும் இல்லை. வெள்ளை வீரரோடு உரசல் நேர்ந்தால் திட்டமே கெட்டுவிடும் என்று அஞ்சி ரிக்கியே செய்த ஏற்பாடு. நிறவெறிக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிவந்தவர், அந்த நிறவெறியையே பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்! ராபின்சன் கொதித்தார். புளோரிடாவிலே விட்டுவந்தோம் என்று எண்ணியது இங்கும் வந்து நிற்கிறதே என்று வெதும்பினார். கண்ட இடத்துச் சாப்பாட்டால் வயிற்றுக் கோளாறு வேறு. அதுவரை ஆடிப் பழகாத முதல் தளத்தில் நின்று ஆடச்சொல்லிக் கட்டளை வேறு.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு அவர் மட்டையால் பதில் சொன்னார். டாட்ஜர்ஸை எதிர்த்து ஆடிய ஏழு ஆட்டங்களில், பத்துக்கு ஆறு என்ற விகிதத்துக்கும் மேலாக வெற்றியடி அடித்தார். பனாமாவில் ஆடியபோது டாட்ஜர்ஸ் வீரர் சிலர், கறுப்பரோடு ஆடமாட்டோமென்று மனுத் தயாரிக்க முனைந்தனர். மேலாளர் டுரோச்சர் நள்ளிரவில் அவர்களை எழுப்பி அதட்டி அடக்கினார். 1947 ஏப்ரல் 15-இல், புரூக்ளினில் 26,623 பேர் பார்த்திருக்க, ராபின்சன் முதல்தர லீக்கில் அடியெடுத்து வைத்தார். அவ்வாண்டு முழுதும் ஸ்மித் அவர் உடன் பயணம் செய்தார்; வெள்ளையர் ஓட்டல்கள் கதவடைத்த ஊர்களில் ஒதுங்க இடம் தேடினார்; கூரியர் ஏட்டில் ராபின்சன் பெயரில் வந்த கட்டுரைகளையும் அவரே எழுதிக்கொடுத்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஸ்மித்துக்கு அந்த நாட்களில் கூரியர் சம்பளம் தந்தது. டாட்ஜர்ஸ் அணியும் வாரம் 50 டாலர் தந்தது. செய்தி எழுதுகிறவன், செய்திக்குரியவரிடமே கூலி பெறலாமா? நடுநிலை என்ன ஆவது? கேள்வி நியாயமானது. அந்தப் பணம் அவர் பேனாவுக்கு ஒரு கட்டுப்பாடாகவும் இருந்திருக்கும். ஆனால் நடுநிலை பேசிய பேரேடுகள் அதுவரை செய்தது என்ன? 63 ஆண்டுகளாகத் தடையைப் பார்த்துக்கொண்டே தடையில்லை என்று ஆட்ட விவரம் எழுதிக்கொண்டிருந்தன. அடிக்கிறவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் நடுவே கைகட்டி நிற்பது, அடிக்கிறவன் பக்கம் நிற்பதேயாகும். ஸ்மித் ஒரு பக்கம் சேர்ந்தார், சேர்ந்ததை ஒளிக்கவுமில்லை. தாழ்த்தப்பட்டவனின் ஏடு அப்படித்தான் இருக்கமுடியும்.

தலைவனைத் துதிபாடும் பேனாவாகவும் அது ஆகிவிடவில்லை. 1949-இல் ராபின்சன் பத்திரிகையாளர்மீது குறை கூறியபோது, உம்மை உயர்த்திய ஏடுகளை மறந்துவிட்டீரா என்று இடித்துரைத்தவரும் ஸ்மித்தே.

வெற்றிக்கு விலையும் உண்டு. சிறந்த கறுப்பின வீரர்கள் முதல்தர லீக்குக்குப் போனதும் மக்களும் பின்னாலேயே போயினர்; கறுப்பரின் தேசிய லீக் 1948-ஆம் ஆண்டோடு முடிந்தது. கறுப்பருக்குச் சொந்தமான தொழிலும், அதைச் சார்ந்த பிழைப்பும் அழிந்தன. கதவு திறந்தது, பழைய வீட்டைக் காக்க ஆளில்லை. ஸ்மித்தும் 1948-இல் சிகாகோவின் வெள்ளையர் நாளேடு ஒன்றுக்கு மாறினார்.

அதே சிகாகோவில் கியூபா மறுபடி எதிர்ப்பட்டது. 1951 மே 1-இல் கியூபக் கறுப்பர் மினி மின்யோசோ, வெள்ளை சாக்ஸ் அணியின் முதல் கறுப்பின வீரராக இறங்கி, முதல் அடியிலேயே பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பினார். பத்தாண்டு கழிந்தது. மின்யோசோ நட்சத்திரமாகிவிட்டார், ஆயினும் பயிற்சிக் காலத்தில் புளோரிடாவில் கறுப்பருக்குத் தனி விடுதி, தனிச் சாப்பாடு. ஹவானாவில் கண்ட கதை இன்னுமா என்று ஸ்மித் 1961 சனவரியில் மறுபடி பேனாவை எடுத்தார். நாளுக்கு நாள் எழுதினார். களத்தில் சமம், கட்டிலில் தீண்டாமையா என்று அணி முதலாளிகளைத் துளைத்தார். அணிகள் ஒவ்வொன்றாகப் பணிந்தன. வெள்ளை சாக்ஸ் உரிமையாளர், எல்லோரும் ஒரே கூரையின்கீழ்த் தங்குவதற்காகச் சாரசோட்டா நகரில் ஓர் ஓட்டலையே விலைக்கு வாங்கினார். அன்று ஹவானாவில் ஆட்டக்காரர் பிரித்து வைக்கப்பட்டதற்கு, 14 ஆண்டு கழித்து வந்த பதில் அது.

1972 அக்டோபர் 24-இல் ராபின்சன் மறைந்தார். புற்றுநோயால் படுத்திருந்த ஸ்மித் அவருக்கு இரங்கலுரை எழுதினார். அவர் எழுதிய கடைசிக் கட்டுரை அதுவே. நவம்பர் 26-இல் அவரும் கண்மூடினார். வயது 58.

பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் உயரிய விருது 1993-இல் அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே. விருதின் பெயரோ டெய்லர் ஸ்பிங்க் விருது! அந்த ஸ்பிங்க், 1942-இல் தம் ஏட்டில், கறுப்பரும் வெள்ளையரும் பிரிந்து ஆடுவதே இருவருக்கும் நல்லது என்று எழுதியவர். கதவை அடைத்தவர் பெயரில், கதவைத் தட்டியவருக்குப் பரிசு. 2021 பிப்ரவரியில் சங்கம் விழித்துக்கொண்டு அந்தப் பெயரை நீக்கியது.

பெயர்கள் நீங்கும், பலகைகள் மாறும். ஆனால் எழுதாத சட்டங்கள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. தடை எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டே அவை ஆளும். அந்தக் கேள்விக்கு, வாரந்தோறும் பெயரோடும் ஊரோடும் கணக்கோடும் பதில் எழுதியவர் வெண்டல் ஸ்மித். ஏடு நடத்துவோரும் எழுதுவோரும் அவரிடம் கற்கவேண்டிய பாடம் அதுவே.