கெயின்ஸ் என்றொரு கவர்னர்



நான் முதலாமாண்டு படிக்கும்போது எங்க ஊர் ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்று ஷட்டரை இறக்கிவிட்டது. அதுவரை வட்டி ஒழுங்காக வந்தது. ஒரு வதந்தி, வாசலில் கூட்டம், மறுநாள் பூட்டு. அக்கா கல்யாணத்துக்கு அப்பா போட்டு வைத்த பணம் அதோடு போச்சு. ஏன் இப்படி என்று தேடப் போய்த்தான் நூலகத்தில் ஜான் மேனார்ட் கெயின்ஸ் எனக்கு அறிமுகமானார்.

1883-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர், கணிதம் படித்தவர். முதல் வேலை லண்டன் இந்தியா ஆபீஸில். 1913-ல் வந்த முதல் புத்தகமே நம் ரூபாயைப் பற்றியதுதான். 1919 பாரிஸ் சமாதான மாநாட்டில், ஜெர்மனியால் கட்ட முடியாத தண்டத்தைச் சுமத்துகிறார்கள் என்று பதவியை உதறிவிட்டு வந்தார்.

1921-ல் நிகழ்தகவு பற்றி எழுதினார். எல்லா நிச்சயமின்மையையும் எண்ணாக்க முடியாது என்பது அவர் கட்சி. நாளை தெரியாததால் மனிதன் பக்கத்து ஆளைப் பார்த்து நடக்கிறான்; ஒருத்தன் ஓடினால் எல்லோரும் ஓடுகிறார்கள். இவ்வளவு தெரிந்த அவரே 1920-ல் நாணயச் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்தவர்! இதைச் சொன்னபோதுதான் அப்பா ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

1929-ல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1933-ல் அமெரிக்காவில் நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. தானாகச் சரியாகும் என்றார்கள் பண்டிதர்கள். கெயின்ஸ் 1936-ல் தன் பெரிய நூலில் மறுத்தார். ஒருவன் செலவுதான் இன்னொருவன் வருமானம்; எல்லோரும் ஒரே நேரத்தில் பையை மூடினால் எல்லோரும் ஏழையாவோம்; அப்போது அரசுதான் செலவழிக்கணும் என்றார்.

மெக்கானிக்கல் பாஷையில் சொன்னால் ஸ்டீம் எஞ்சின் கவர்னர். வேகம் குறைந்தால் வால்வைத் திறக்கும், கூடினால் மூடும். திறக்க மட்டும் கற்றுக்கொண்டு மூட மறந்த ஆட்சிகளும் உண்டு. 1970-களில் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்து ஏறியபோது அவர் மருந்து போதவில்லை. ஆனால் 2008-ல் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டபோது பல அரசுகள் மறுபடி அவரைத்தான் தேடின.

1944-ல் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடி உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் அடித்தளம் போட்டதில் இதயநோயோடு உழைத்தார். 1946-ல் மறைந்தார்.

அப்பாவின் பணம் திரும்பவில்லை. ஆனால், தான் ஏமாளி என்று அவர் தன்னையே திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டார். கவர்னர் இல்லாத எஞ்சின் ஓடி உடைந்தால், அதில் ஏறியவன் மேல் மட்டும் குற்றம் சொல்லலாமா? நாளை ஒர்க்‌ஷாப்பும் கடனும் நம் தலையிலும் வரும். அதற்கு முன் யோசிப்போம் நண்பர்களே!

— இறுதியாண்டு, மெக்கானிக்கல்