வர்த்தகக் கல்வியும் ஜோஸப் வார்ட்டனும்

வர்த்தகத்தைக் கடையிலிருந்தே கற்க வேண்டும், கலாசாலையில் அதற்கு இடமில்லை என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அவ்வெண்ணத்தை மாற்றியவர் அமெரிக்கரான ஜோஸப் வார்ட்டன்.

இவர் 1826-ம் வருஷம் பிலடெல்பியா நகரில், குவேக்கர் சமயத்தைச் சார்ந்த குடும்பத்திலே பிறந்தார். ஸர்வகலாசாலைப் பட்டம் பெற்றவரல்லர். வாலிபத்தில் கணக்கு வேலை பழகி, பின்னர் துத்தநாகம், நிக்கல் ஆகிய உலோகங்களின் உற்பத்தியிலே பெருந்திரவியம் ஈட்டினார். அந்நியச் சரக்குகளின்மேல் தீர்வை விதித்துச் சுதேசக் கைத்தொழில்களைக் காத்தல் வேண்டுமென்பது இவரது திடமான கொள்கை.

1881-ல் இவர் பென்ஸில்வேனியா ஸர்வகலாசாலைக்கு 1,00,000 டாலர் அளித்து வர்த்தகப் பள்ளியொன்றை ஸ்தாபித்தார். அமெரிக்க ஸர்வகலாசாலைகளில் இத்தகைய பள்ளிகளுக்கு முதன்மையானது இதுவே. பாதுகாப்புத் தீர்வையின் அவசியம் அங்கே போதிக்கப்பட வேண்டுமென்றும் விதித்தார். அக்கொள்கை நமக்கும் உவப்பானதே. ஆயினும், ஆராய்ச்சிக்கு முன்னரே முடிவை வகுத்துவிடும் தானம் கல்விக்கு விலங்காகும் என்பது நம் அபிப்பிராயம். வார்ட்டன் 1909-ல் காலமானார்.

விலங்கு நிலைக்கவில்லை. 1983-ல் லாடர் சகோதரர்கள் தம் தந்தையின் பெயரால் அப்பள்ளியிலே ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினர். அங்கே பயில்வோர் வர்த்தக நிர்வாகத்தில் எம்.பி.ஏ. பட்டமும், ஸர்வதேச விஷயங்களில் எம்.ஏ. பட்டமும் ஒருங்கே பெறுகின்றனர். அந்நிய பாஷையும் கற்கின்றனர்.

சுதேசத் தொழிலைக் காக்கப் பிறந்த பள்ளி பிறதேசங்களை அறியும் பள்ளியுமாயிற்று. இதில் முரண்பாடு ஏதுமில்லை. பிறர் சந்தையை அறியாதவன் தன் சந்தையைக் காப்பது எங்ஙனம்? தேசபக்தர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.